அம்புக்குறி காட்டாத மலை

ஐப்பசி மழையில், கொடைக்கானல் அருகே செண்பகனூரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. லேப்டாப்பில் சார்ஜ் நிற்கும்வரை கம்பளிக்குள் உட்கார்ந்து இரண்டு வாரமாக நான் ஆடியது 'அவுட்வர்ட்'. கனடாவின் கியூபெக் நகரில் உள்ள நைன் டாட்ஸ் என்ற சிறிய ஸ்டூடியோ உருவாக்கி, 2019இல் வெளிவந்த ரோல் பிளேயிங் கேம் இது. கூடுதல் பகுதிகளையும் சேர்த்த 'டெஃபினிட்டிவ்' பதிப்பு 2022இல் வந்தது. நான் ஆடியது அதைத்தான். ஒருமுறை இறக்கிவைத்துக்கொண்டால் தனியாக ஆடுவதற்கு இணையம் தேவையில்லை. மலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

இந்த வகை கேம்களில் நாம் பெரும்பாலும் உலகத்தைக் காக்கப் பிறந்த வீரனாக இருப்போம். இதில் கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய சாதாரண ஆள். குடும்பத்தின் மேல் பழைய கடன் ஒன்று நிற்கிறது. ஐந்து நாளில் 150 வெள்ளிக்காசு கட்ட வேண்டும், இல்லையென்றால் வீடு போய்விடும். முதல் தடவை என்னால் கட்ட முடியவில்லை. வீடு போனது, ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. கட்டுச்சோறும் கிழிந்த பையுமாக ஊருக்கு வெளியே நடந்தபோதுதான் இதன் அருமை எனக்குப் புரிந்தது.

மேப்பைத் திறந்தால் மலை, கோட்டை, கடற்கரை எல்லாம் வரைந்திருக்கிறது. நாம் எங்கே நிற்கிறோம் என்பது மட்டும் இல்லை. கையில் இருப்பது ஒரு திசைகாட்டி. மீதியைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் பகுதியான செர்சனீஸின் நடுவில் ஒரு பெரிய மலை நிற்கிறது. அது இடதுபக்கம் இருந்தால் நாம் இன்ன திசையில் போகிறோம் என்று கணக்குப் போட வேண்டும். கொடைக்கானலில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. பெருமாள்மலை எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்துத்தான் சின்ன வயதில் நாங்கள் வீடு திரும்பினோம். கேமில் இருட்டு விழுந்து மலை மறைந்தபோது, வட்டக்கானல் பாதையில் திடீரென்று மஞ்சு மூடும்போது வருகிற அதே கலக்கம் வயிற்றில் வந்தது.

பெரிய கம்பெனிகளின் கேம்கள் பல, சுற்றுலா வண்டி போல. கோக்கர்ஸ் வாக், தூண்பாறை, குணா குகை என்று பாயிண்ட் பாயிண்டாக இறக்கிவிட்டு ஏற்றிக்கொள்ளும். எல்லாவற்றையும் பார்த்துவிடலாம், நடுவில் இருக்கிற சோலைக்காடு மனதில் தங்காது. அவுட்வர்ட் நம்மை நடக்கவிடுகிறது. அதனால்தான் பாறை, ஓடை, முறிந்த மரம் ஒவ்வொன்றும் நினைவில் நிற்கின்றன.

முதுகுப்பையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பையில் பாரம் ஏறினால் நடை தளரும், சண்டையில் உருண்டு தப்புவது சிரமமாகும். அதனால் எதிரியைக் கண்டதும் பையைக் கீழே போட்டுவிட்டுத்தான் வாளை உருவ வேண்டும். பிறகு போட்ட இடம் நினைவிருக்க வேண்டும். தண்ணீர், உணவு, படுக்கை, விளக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்று கிளம்புமுன் யோசித்தே பல நிமிடம் போகும். வெகுகாலம் சாலையே இல்லாமல், குதிரை முதுகில் அரிசியும் உப்பும் ஏற்றிப்போன வெள்ளகெவி கிராமத்துக்காரர்களிடம் கேட்டால் இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

தோற்றால் பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கும் வசதி கிடையாது. ஒருமுறை கொள்ளையர் பிடியில் கண்விழித்தேன். இன்னொரு முறை முகம் தெரியாத யாரோ காப்பாற்றிப் போட்டிருந்தார்கள். எதில் முதலில் கைவைப்பது என்பது நம் இஷ்டம். ஆனால் இந்த உலகில் உள்ள கூட்டங்களில் ஒன்றில் சேர்ந்தால் மற்றக் கூட்டங்களின் கதை அந்த ஆட்டத்தில் கிடைக்காது. கொள்ளையரைச் சமாளிக்கும் வேலையை நாள் கடத்தினால், தொடங்கிய ஊரே அழிந்துபோகும். மந்திரம் வேண்டுமென்றால் அந்த நடுமலைக்குள் ஏறிப்போய், உடல் வலுவில் ஒரு பங்கை நிரந்தரமாகக் கொடுத்துத்தான் பெற வேண்டும். பழனிக்கு விரதமிருந்து நடக்கிற ஊரில் பிறந்த எனக்கு இந்த விதி மிகவும் பிடித்தது.

குறைகளும் உண்டு. வாள்வீச்சு விறைப்பாக இருக்கிறது. கதாபாத்திரங்கள் பேசும் குரலும் திரையில் வரும் வசனமும் பல இடங்களில் பொருந்தவில்லை. வசனங்கள் சப்பென்றிருக்கின்றன. சில சமவெளிகளில் நடந்துகொண்டே இருக்கிறோம், பார்க்க ஒன்றுமில்லை. தமிழ் கிடையாது, நிறைய ஆங்கிலம் படிக்க வேண்டியிருக்கும்.

சித்தி மகன் வந்திருந்தபோது ஒரே திரையை இரண்டாகப் பிரித்து இருவரும் ஆடினோம். இந்த கேமுக்கு அதுதான் சரியான முறை என்று தோன்றியது. ஒருவன் விளக்கைப் பிடிக்க, மற்றவன் வழி பார்க்க, "அந்த மலை எந்தப் பக்கம்டா?" என்று கேட்டுக்கொண்டே ராத்திரி போனது.

தினம் இருபது நிமிடம் மட்டும் ஆடுபவர்கள் இதை வாங்க வேண்டாம். நேரமும் பொறுமையும் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். வழி தெரியாமல் நிற்கும்போது போனை எடுத்து வரைபடம் தேடாதீர்கள். தலையை நிமிர்த்தி அந்த மலையைப் பாருங்கள்.