சாம்பல் தெரிகிறது, சரி, எவ்வளவு எடுப்பீங்க?

எண்ணூர், காட்டுப்பள்ளி பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் அனுப்புவது ஒரு பாட்டைத்தான். 2017 ஜனவரியில் வந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி எழுதி, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் மெட்டமைத்து, டி.எம். கிருஷ்ணா பாடியது, படமாக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். அடுத்த வருஷமே அதே இயக்குநர், அதே கிருஷ்ணா, கூடவே சோஃபியா அஷ்ரஃப், அம்ரித் ராவ் சேர்ந்து 'கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்' வந்தது. முதல் பாட்டைக் கொண்டாடிய அளவுக்கு இரண்டாவதை யாரும் பேசினமாதிரி தெரியலை. ஆனால் எண்ணூருக்கு இன்றைக்கு வேண்டியது அந்த இரண்டாவது பாட்டின் கேள்விதான் என்று எனக்குப் படுகிறது.

புறம்போக்குப் பாடலின் சாதனை ஒரு சொல்லை மீட்டது. வருவாய்த்துறைக் கணக்கில் யாருக்கும் பட்டா இல்லாத பொதுநிலம், நம் வாயில் வசவாகிவிட்டது. சென்னைத் தமிழைக் கச்சேரி ராகங்களில் ஏற்றி, அந்த வசவைப் பெருமையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பின்னால் நிற்க, கிருஷ்ணா உட்கார்ந்து பாடும் காட்சியை ஒருதடவை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஆனால் அந்தப் பாட்டுக்கு எதிரி ஆக்கிரமிப்பு. ஏரியை மூடாதே, ஆற்றை மறிக்காதே என்பது வாதம். 330 ஏக்கர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தும். ஏற்கெனவே கொட்டிக் கிடப்பதற்கு? வடசென்னை அனல்மின் நிலையம் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறது. குழாய் உடைந்து உடைந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கு அடியில் சேறு இல்லை, சிமெண்ட் மாதிரி சாம்பல். நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், பாதரசம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். ஈரத்தில் கிடந்தால் மெதுவாகக் கரைந்து கீழே இறங்கும். வீடியோவில் இதெல்லாம் பின்னணி. அழகான பின்னணி என்றுகூடச் சொல்லலாம், அதுதான் எனக்கு உறுத்தல்.

கொடைக்கானல் கதைக்கு வருவோம். அங்கே பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 1980களில் வந்தது, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு ஊருக்குள்ளேயே ஒரு காயலான் கடையில் அகப்பட்ட பிறகு, 2001 மார்ச்சில் மூடினார்கள். 2015ல் அஷ்ரஃபின் முதல் ராப் உலகம் முழுக்கப் பரவியது. 2016ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. மண் மட்டும் பாக்கி. அனுமதிக்கப்பட்ட அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம், அதாவது ஒரு டன் மண்ணில் 20 கிராம் பாதரசம் தங்கலாம். பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு 1 தானே, அதே கம்பெனிக்கு அங்கே ஒரு படி இங்கே ஒரு படியா என்பதுதான் இரண்டாவது பாட்டின் பிரச்சாரம்.

இங்கே பாட்டின் பக்கம் நின்றுகொண்டே ஒரு குறை சொல்லணும். பிரிட்டனின் 2009 அட்டவணையில் பாதரசத்துக்கு ஒரே எண் இல்லை. குடியிருப்புக்குத் தனிமப் பாதரசம் என்றால் 1, கனிமச் சேர்மமாக இருந்தால் 170, மெத்தில் பாதரசம் 11. அதோடு அவை 'இதைத் தாண்டினால் ஆராய்ந்து பார்' என்கிற எல்லைகள், 'இதுவரை தோண்டி எடு' என்கிற இலக்கு இல்லை. கம்பெனி தரப்பு பிடித்துக்கொள்ளக்கூடிய ஓட்டை இது. ஆனால் வெப்பமானியில் இருந்தது தனிமப் பாதரசம், சிந்தியதும் அதுதான். மண்ணில் வருஷக்கணக்கில் கிடந்து எவ்வளவு உருமாறியது என்று அளந்து காட்டாமல் 20 சரி என்பதும் பலவீனமான வாதம்தான். கீழே பாம்பார் சோலை இருக்கிறது. அதிகம் தோண்டினால் மரம் போகும், சரிவு அரிக்கும் என்பதும் பொய்யில்லை. பாட்டு இந்தச் சிக்கலைத் தொடவில்லை. ராப்பில் அட்டவணை பாட முடியாதுதான். ஆனாலும் ஒரு மில்லிகிராம் கணக்கை வீதிச் சண்டையாக்கியது சின்ன விஷயமா? 'சுத்தம் பண்ணிட்டோம்' என்றால் 'எந்த எண்ணுக்கு?' என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது.

எண்ணூரில் அந்தக் கேள்வி இன்னும் பழகவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கழிமுகத்துக்கு வந்தபோது, மீனவர்கள் பக்கெட்டில் மொண்டு எடுத்தார்கள். மேலே மிதந்தது குறைந்ததும் வேலை முடிந்ததாகப் பேச்சு நின்றது. அலையாத்தி வேரிலும் சேற்றிலும் இறங்கியதற்குக் கண் அளவுகோல் ஆகாது; மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பணும், முடிவை ஊர்க்காரர்களிடம் தமிழில் சொல்லணும்.

450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச் கடைசியில் நின்றது, பாட்டு வெளிவந்த இரண்டே மாதத்தில். அதே வளாகத்துக்கு 660 மெகாவாட் விரிவாக்கம் பேசுகிறார்கள். பழைய மண்ணில் என்ன இருக்கிறது, எந்த அளவுக்குக் குறைத்துவிட்டு அடுத்த அஸ்திவாரம் போடப்போகிறார்கள்? கிருஷ்ணாவும் அஷ்ரஃபும் அடுத்து வடசென்னைக்கு வந்தால், பல்லவிக்கு இதையே எடுத்துக்கொள்ளலாம்.