பிராம்ப்டனில் கெந்திங் செம்பா: மடிக்கும் சைக்கிள் மலை ஏறுமா?

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளில் சைக்கிள் வாங்க நினைப்பவருக்கு முதல் கவலை, அதை எங்கே வைப்பது என்பதுதான். முழு நீளச் சாலை சைக்கிளை லிஃப்டில் நிமிர்த்திப் பிடித்துக் கொண்டுபோய் வாசலில் சாய்த்தால் நடைபாதையே அடைபட்டுப் போகும். லண்டனில் ஆண்ட்ரூ ரிட்சி 1970களில் வடிவமைத்த பிராம்ப்டனில் அந்தக் கவலை இல்லை. ஆனால் 16 அங்குலச் சக்கரத்தை நம்பி ஒரு நாள் முழுக்க மலைச்சாலையில் போகலாமா? ஆறு கியர் வண்டியைக் கெந்திங் செம்பா வழியாகப் பெந்தோங் வரை ஓட்டிப் பார்த்தேன்.

துன் சம்பந்தன் சாலையிலிருந்து கேஎல் சென்ட்ரல் கூப்பிடு தூரம். பின்சக்கரத்தை அடியில் சுழற்றி, நடுக்கீலைத் திறந்து, ஹேண்டலைச் சாய்த்து, சீட் கம்பியை இறக்கினால் மடிப்பு தானாகவே பூட்டிக்கொள்கிறது. செயின் இரு சக்கரங்களுக்கும் நடுவே ஒளிந்துகொள்வதால் பக்கத்தில் நிற்பவரின் உடையில் கறை படாது. எடை சுமார் 12 கிலோ. நிலையப் படிகளில் தூக்கும்போது அது தெரியும். கிளானா ஜெயா ரயில் தடத்தில் கடைசி நிலையமான கோம்பாக்கில் இறங்கினால், நகர நெரிசலை மிதித்துக் கடக்கும் வேலை மிச்சம். இந்த வண்டியின் பெரிய பலம் இதுதான்.

அங்கிருந்து 68ஆம் கூட்டரசு சாலை. காராக் நெடுஞ்சாலை வந்தபின் லாரிகள் அந்தப் பக்கம் போய்விட, பழைய சாலை சைக்கிள்காரர்களுக்கு மிச்சமானது. 12ஆம் கட்டையில் ஒராங் அஸ்லி மருத்துவமனையைத் தாண்டியதும் மரநிழலில் வளைந்து வளைந்து ஏற்றம். செங்குத்து என்று சொல்ல முடியாது, ஆனால் நீளம் அதிகம்.

கியரின் தரம் இங்கேதான் தெரியும். பின்சக்கர அச்சுக்குள் மூன்று கியர், வெளியே 13, 16 பல் கொண்ட இரண்டு பல்சக்கரங்கள். மாற்றும் நெம்புகோல் இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று. அச்சுக்குள் இருக்கும் கியரை மாற்றும்போது பெடலில் அழுத்தத்தை ஒரு கணம் தளர்த்த வேண்டும். ஆகவே வளைவு கண்ணில் பட்டதுமே மாற்றிவிடுவது நல்லது. ஏற்றத்தின் நடுவில் தளர்த்தினால் வண்டி நின்றுவிடும்.

முன்னால் 50 பல் இருந்தால், மிகத் தாழ்ந்த கியரில் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 2.6 மீட்டர் நகர்கிறது. முன்னால் 28, பின்னால் 34 பல் வைத்த நெடும்பயண சைக்கிளில் அதே சுற்றுக்கு 1.7 மீட்டர்தான். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே பிராம்ப்டன் மணிக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் ஓடியாக வேண்டும் என்று அர்த்தம். அதற்குக் கீழே போனால் முழங்கால்தான் விலை கொடுக்கிறது. எழுந்து நின்று மிதிக்கலாம் என்றால் பின்னால் உள்ள ரப்பர் ஸ்ப்ரிங் மேலும் கீழும் அமுங்குகிறது, உயரமான ஹேண்டல் கம்பியும் வளைந்து கொடுக்கிறது. உட்கார்ந்தே ஏறுவதுதான் இதற்குச் சரி. முன்பல்சக்கரத்தை 44 பல்லாக மாற்றினால் 2.6 மீட்டர் 2.3 ஆகிறது. எண்ணில் சிறிய வித்தியாசம், காலுக்குப் பெரிய நிம்மதி. இறக்கத்தில் வேகம் சற்றுக் குறையும், அதனால் நட்டமில்லை.

பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஹேண்டலில் தொங்காமல் சட்டத்தில் பூட்டப்படுவதால், தண்ணீர், மழைச்சட்டை, ட்யூப் எல்லாம் திணித்தாலும் திருப்பும்போது கை இழுபடுவதில்லை. இவ்வளவு சிறிய வண்டியில் இது அசல் புத்திசாலித்தனம்.

செம்பா ஓய்விடத்தில் தே தாரிக் குடித்துவிட்டு, புக்கிட் திங்கி வழியாகப் பெந்தோங்குக்கு இறங்கும்போதுதான் எனக்குத் தயக்கம் வந்தது. பிரேக் கட்டைகள் ரிம்மைப் பிடிக்கும் வகை. சிறிய ரிம்மில் உலோகம் குறைவு என்பதால் நீண்ட இறக்கத்தில் சீக்கிரம் சூடேறும். விடாமல் அழுத்தாமல், வளைவுக்கு முன் பலமாகப் பிடித்து, நேர்ச்சாலையில் முழுக்க விட்டு ஆறவைக்க வேண்டும். மழைக்குப் பின் நிழலில் பாசியும் இலையும் வழுக்கும். பெரிய சக்கரம் சும்மா தாண்டிப் போகும் பள்ளம் இதற்கு உதை. அங்கே வேகம் வேண்டவே வேண்டாம்.

மூட்டையோடு ரவூப், கோலா லிப்பிஸ் என்று பல நாள் போகிறவருக்கு இந்த ஆறு கியர் வண்டியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 2024இல் வந்த பிராம்ப்டன் ஜி லைனில் 20 அங்குலச் சக்கரம், 8 கியர், டிஸ்க் பிரேக் உண்டு. அவர்கள் அதைப் பார்க்கலாம், ஆனால் மடித்தாலும் அது பெரிது, கனமும் கூட. பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி, மலை ஏறி, சாயங்காலம் வீடு திரும்ப நினைப்பவர் ஆறு கியரைத் தாராளமாக வாங்கலாம். வாங்கும்போதே கடையில் 44 பல் போட்டு, செயினையும் அதற்கேற்பக் குறைத்துத் தரச் சொல்லுங்கள். அழகான தோல் சீட்டுக்கு எடுத்து வைத்த காசில் முதலில் நல்ல பிரேக் கட்டைகள் வாங்குங்கள்.