ஓசையோடு நின்றுவிடும் வாசிப்பு
வீடும் பாடசாலையும் பற்றிச் சில விமர்சனக் குறிப்புகள்

சென்ற வருடம் நோன்பு விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய வாரத்தில், எட்டாம் தர மாணவன் ஒருவனின் மூத்தம்மா என்னைத் தேடி வந்தார். கையில் நாலாக மடித்த ஒரு கடிதம். பிள்ளையின் உம்மா மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறார். வாப்பா மௌத்தாகிவிட்டார். அந்த வீட்டில் தமிழ் எழுத்துத் தெரிந்தவன் இந்தப் பிள்ளை ஒருவன்தான்.

ஓர் அரச அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் அது. அவர்களுக்குக் கிடைத்துவந்த உதவிப் பணம் தொடர்பானது. குறித்த ஆவணங்களை 14 நாட்களுக்குள் நேரில் சமர்ப்பிக்கத் தவறுமிடத்துப் பெயர் நீக்கப்படும் என்று எழுதியிருந்தது. நான் அதைப் பார்த்தபோது அந்தத் தவணை முடிந்து மூன்று வாரமாகியிருந்தது.

“பேரன் வாசிச்சுக் காட்டினான் டீச்சர். மூணு தரம் வாசிச்சான். வடிவா வாசிச்சான். என்ன எண்டுதான் சொல்லல்ல.”

பிள்ளையைக் கூப்பிட்டு அதே கடிதத்தைக் கொடுத்தேன். ஓர் இடத்திலும் தடக்காமல் வாசித்தான். “தவறுமிடத்து” என்ற சொல்லைக்கூட ற, ட பிசகாமல் சொன்னான்.

“என்ன மகன் எழுதியிருக்கு?”

“வாசிச்சிட்டன் டீச்சர்.”

“வாசிச்சாய். என்ன வெளங்கின?”

நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்கு முந்திய தவணையில் வாசிப்புக்கு அவனுக்கு 20க்கு 18 புள்ளி போட்டிருந்தேன். போட்டது நான்தான். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று, இருபது வருடத்துக்கு அண்மித்த காலம் தமிழ் படிப்பித்த நான்.

இந்தக் கட்டுரை அந்த 18 புள்ளியைப் பற்றியது.

ஓதலும் வாசிப்பும்

வாசிப்புப் பற்றி நமது மேடைகளில் பேசும் எவரும் “இக்ரஃ” என்ற வசனத்தோடுதான் தொடங்குவர். பத்ர் கைதிகள் எழுத்துக் கற்பித்து விடுதலை பெற்ற வரலாறும் தவறாமல் வரும். நல்லதுதான். ஆனால் ‘கறஅ’ என்ற அரபுச் சொல் ஓதுவதையும் வாசிப்பதையும் சேர்த்தே குறிப்பது. தமிழில் நாம் அதை இரண்டாகப் பிரித்துவிட்டோம். குர்ஆன் என்றால் ஓதுகிறோம், புத்தகம் என்றால் வாசிக்கிறோம். சொல்லளவில் பிரித்தாலும் கற்பிக்கும் முறையில் பிரித்தோமா என்பதுதான் என் கேள்வி.

நமது பிள்ளை நாலு, ஐந்து வயதில் ஓதப் போகிறது. லெப்பை அல்லது மௌலவி சொல்லிக் கொடுக்க, எழுத்தைக் கூட்டி, மஃக்றஜ் பார்த்து, தஜ்வீத் திருத்தி ஓதுகிறது. அங்கே ஓசையைச் சரியாக வெளிப்படுத்துவதே ஓர் அமல். கருத்தை அறிவது தப்ஸீர் என்ற தனிக் கல்வி. இந்த ஒழுங்கில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குறை தமிழாசிரியர்களாகிய எங்களிடம் இருக்கிறது. அந்த அளவுகோலை அப்படியே தூக்கி வந்து தமிழ்ப் பாடத்தில் வைத்துவிட்டோம். நான் வைத்திருந்த புள்ளித் திட்டத்தில் மூன்று விடயங்கள் இருந்தன: உச்சரிப்பு, வேகம், தடங்கலின்மை. விளக்கத்துக்கு அதில் ஒரு புள்ளியும் இல்லை.

பேதைமை என்ற அதிகாரத்தில் வள்ளுவர் ஓதுவதையும் உணர்வதையும் இரு வேறு செயல்களாகவே வைக்கிறார். நான் அதைப் பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறேன், வகுப்பில் படிப்பித்துமிருக்கிறேன். என் புள்ளித் திட்டத்துக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கற் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைக் கூட்டும் திறன் ஒன்று, மொழியை விளங்கும் திறன் மற்றொன்று. இவ்விரண்டின் பெருக்கமே வாசிப்பு. கூட்டல் அல்ல, பெருக்கல். ஒரு பக்கம் பூச்சியமானால் மறுபக்கம் எவ்வளவு இருந்தாலும் விடை பூச்சியம்தான். என் மாணவனின் 18 புள்ளி எங்கே போனதென்று இந்தக் கணக்குச் சொல்லிவிடுகிறது.

பிள்ளையின் சுமை

இதில் பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. நமது பிள்ளை ஆரம்பப் பிரிவை முடிக்க முன்னரே நான்கு எழுத்து முறைகளைச் சந்தித்துவிடுகிறது. வலமிருந்து இடமாக அரபு. இடமிருந்து வலமாகத் தமிழ், சிங்களம், ஆங்கிலம். தமிழில் மட்டும் 247 எழுத்து. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஓசை பின்னால் வருகிறது. ‘கொ’ என்றால் இருபுறமும் குறி. கடல், பகல், தங்கம் என்ற மூன்று சொல்லிலும் ஒரே ‘க’ மூன்று விதமாக ஒலிக்கிறது. ஓசைக்கு ஓர் எழுத்து என்று அரபில் பழகிய பிள்ளைக்கு இது இலேசான காரியமல்ல.

எழுத்தைத் தாண்டினால் மொழி நிற்கிறது. வீட்டில் “உம்மா சோறாக்கிறா” என்று பேசும் பிள்ளை, பாடநூலில் “அன்னை உணவு சமைக்கின்றார்” என்று வாசிக்கிறது. எழுத்துத் தமிழ் அதற்குப் பாதி அந்நிய மொழி. இந்தத் தூரத்தைக் கடக்க ஒருவர் கையைப் பிடிக்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? பிள்ளை தன் வீட்டுத் தமிழில் விடை சொன்னால் “ஒழுங்கான தமிழில சொல்லு” என்று நிறுத்திவிடுகிறோம். விளங்கிய பிள்ளையும் அதோடு வாயை மூடிக்கொள்கிறது.

விளக்கத்துக்கு மொழி மட்டும் போதாது, விடயமும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988இல் பேஸ்போல் விளையாட்டைப் பற்றிய ஒரு பகுதியை மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் விளையாட்டை அறிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் விளையாட்டை அறியாத பிள்ளைகளைவிடக் கூடுதலாக விளங்கிக்கொண்டனர். இதை நான் எங்கள் கடற்கரையிலேயே கண்டேன். அந்தக் கடித மாணவனுக்குக் கரைவலை பற்றிய ஒரு பந்தியைக் கொடுத்தேன். வாசித்து முடித்துவிட்டு, “இதுல பிழை ஒண்டு இருக்கு டீச்சர், மடி கரைக்கு வாறது கடைசிலதான்” என்றான். எழுதியவரையே திருத்துகிறான்! இவனுக்கு விளங்கும் திறன் இல்லை என்று எப்படிச் சொல்வது?

பாடசாலையில் நடப்பது

எங்கள் வாசிப்புப் பாடம் எப்படி நடக்கிறது என்று நம்மில் அனைவருக்கும் தெரியும். முதல் வாங்கிலிருந்து ஒருவர் பின் ஒருவராக எழும்பி ஒவ்வொரு பந்தி. நாற்பது நிமிடத்தில் ஒரு பிள்ளை வாசிப்பது ஒரு நிமிடம். மற்ற நேரமெல்லாம் தன் பந்தி எது என்று எண்ணிக்கொண்டிருக்கும். தடக்கினால் சிரிப்பு, தடக்காவிட்டால் “கெட்டிக்காரன், இரு”. பிறகு வினாக்கள். வினாவில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடி, அந்த வரியை அப்படியே எழுதினால் விடை சரி. விளங்காமலே முழுப் புள்ளி எடுக்கும் இந்த வித்தையை நாங்களேதான் பழக்குகிறோம்.

ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் வந்துவிடுகிறது. நாலாம் தரத்திலிருந்தே கடந்தகால வினாத்தாள், மாதிரி வினாத்தாள், பின்னேரம் டியூசன். கதைப் புத்தகத்தோடு இருக்கும் பிள்ளையைப் பார்த்து “படிக்கிற நேரத்துல என்னத்த வாசிக்காய்?” என்று கேட்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். அப்படிக் கேட்ட பெற்றோரில் நானும் ஒருத்தி.

ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். பதாகை கட்டுவோம். “வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும்” என்ற தலைப்பில் பேச்சு, கட்டுரை, சுவரொட்டி. கட்டுரையை ஆசிரியர் எழுதிக் கொடுப்பார், பிள்ளை மனனம் செய்யும். பரிசளிப்பும் நடக்கும். மண்டபத்துக்குப் பக்கத்தில் நூலக அலுமாரி பூட்டியே இருக்கும். “புள்ளையள் கிழிச்சுப் போடுவாங்க, கணக்கெடுப்பு வந்தா நாமதான் பொறுப்பு” என்பது எங்கள் வழமையான பதில். பயன்பட்டுக் கிழிந்த புத்தகத்துக்குப் பயப்படுகிறோம், தொடப்படாமல் கறையான் தின்னும் புத்தகத்துக்குப் பயப்படுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ நாவலைத் தந்த சித்திலெப்பையை நாம் விழாவுக்கு விழா போற்றுகிறோம். அந்த நாவலின் இரண்டு பக்கத்தையாவது எளிய தமிழில் ஆக்கி ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்திருக்கிறோமா? நம்மவர் வெளியிடும் சிறுவர் நூல்களைப் புரட்டினாலும் முதற்பக்கத்திலேயே புத்திமதி தொடங்கிவிடுகிறது. பொடி எழுத்து, நீண்ட வாக்கியம், பெரியவர்களின் வாழ்த்துரை மூன்று. கதையில் வரும் பிள்ளை ஒரு குறும்பும் செய்யாது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ‘கத்தரி வெருளி’ இன்றைக்கும் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறதென்றால், அவர் பிள்ளையின் கண்ணால் ஒரு தோட்டத்தைப் பார்த்ததுதான் காரணம்.

வீட்டில் இருந்தது

என் மூத்தம்மாவுக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. குடிசன மதிப்பீட்டுக்கு வந்தவர் அவரை எழுத்தறிவற்றவர் என்றுதான் பதிந்திருப்பார். ஆனால் அவர் அரபுத் தமிழ்க் கிதாபு வாசிப்பார். எழுத்து அரபு, மொழி தமிழ். தன் சொந்தப் பேச்சின் ஓசையை அந்த எழுத்தில் கண்டதால் வாசிக்க வாசிக்க அவருக்கு விளங்கியது. ஓசைக்கும் கருத்துக்கும் நடுவே அவருக்கு வேலி இருக்கவில்லை.

மஃரிபுக்குப் பிறகு பாயில் எங்களை இருத்தி ‘நூறு மசலா’வை மனப்பாடமாகச் சொல்வார். அது முழுவதும் கேள்வியும் விடையுமாகவே போவது. கேள்வியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். “இதுக்கு என்ன பதில் வரும்? சொல்லு புள்ள பாப்பம்.” நாங்கள் ஆளுக்கொன்று சொல்வோம். பிழையாகச் சொன்னாலும் சிரிப்பாரே தவிரத் திருத்தமாட்டார். கேட்பது, ஊகிப்பது, காரணம் தேடுவது என்று இன்று ஆசிரியர் கருத்தரங்குகளில் எங்களுக்குச் சொல்லித் தரப்படும் அத்தனையும் அந்தப் பாயில் நடந்தன.

பழமையைப் புகழ்ந்துவிட்டுப் போக நான் இதை எழுதவில்லை. அந்தக் கிதாபுகளுக்கு இனி நம் பிள்ளைகள் திரும்பப் போவதில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குத் திரும்பலாம். இஷாவுக்கு முன்போ பின்போ, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, பிள்ளைக்கு ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்துவிட்டதே என்று அதை நிறுத்திவிடாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் அது தேவை. நடுவில் நிறுத்தி, “அவன் ஏன் அப்படிச் செய்தான்?” என்று கேளுங்கள். பதிலை வீட்டுத் தமிழிலேயே சொல்லட்டும். வாசிக்கத் தெரியாத உம்மாமார் பிள்ளையை வாசிக்கச் சொல்லி, “இப்ப எனக்கு உன்ட பேச்சில சொல்லு” என்று கேட்டால் போதும். மருந்துப் போத்தல், மின்சார பில், பள்ளிவாசல் அறிவித்தல் எல்லாம் வாசிப்புத்தான். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் விளங்காவிட்டால் அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு மூடி வைத்துவிட்டு இலேசான ஒன்றை எடுக்கலாம். அதில் வெட்கமில்லை.

நான் மாற்றியது

என் வகுப்பில் நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. பாடத்தின் முதல் பத்து நிமிடம் தொடர்கதைபோல நானே வாசிக்கிறேன், முடிச்சு விழும் இடத்தில் நிறுத்திவிடுகிறேன். அதன் பிறகு பிள்ளைகள் சத்தமில்லாமல் வாசித்துப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். அலுமாரித் திறப்பை இரண்டு மாணவிகளிடம் கொடுத்தேன். ஒரு வருடத்தில் மூன்று புத்தகம் திரும்பி வரவில்லை. அந்த மூன்றையும் யாரோ விரும்பியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அதிபருக்கு விளக்கமெழுதக் கொஞ்சம் சிரமப்பட்டது உண்மை.

புள்ளித் திட்டத்தையும் மாற்றினேன். பாதிப் புள்ளி விளக்கத்துக்கு. சில பெற்றோர் வந்து, “போன தவணை பதினெட்டு, இந்தத் தவணை பத்து, புள்ள கெட்டுப்போயிட்டானா டீச்சர்?” என்று கேட்டார்கள். பதினெட்டுத்தான் பொய் என்று அவர்களுக்குச் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. ஆனாலும் சொன்னேன்.

அந்தக் குடும்பத்துக்காக மேன்முறையீடு எழுதிக் கொடுத்தோம். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. கடிதத்தை எழுதியவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. “14 நாளைக்குள் வாருங்கள், வராவிட்டால் பணம் நின்றுவிடும்” என்று எழுதுவதற்கு எந்தச் சட்டமும் தடையாக இருக்காது.

போன மாதம் அந்தப் பிள்ளை வகுப்பில் வாசித்துக்கொண்டிருந்தான். நடுவில் நின்றுவிட்டான். பின் வாங்கில் யாரோ சிரித்தார்கள். அவன் நிமிர்ந்து, “டீச்சர், இந்த இடம் எனக்கு வெளங்கல்ல. இது யார் சொல்றது, வாப்பாவா மகனா?” என்று கேட்டான்.

பழைய திட்டத்தில் தடங்கலுக்கு இரண்டு புள்ளி குறைத்திருப்பேன்.