தால்சிமின் பெருமிதம்: ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ குறித்த ஒரு திறனாய்வு

திரைப்படத்தையும் தெருக்கூத்தையும் தனக்குரிய ஆய்வுப் பொருளாக ஏற்றுக்கொண்ட தமிழ்த் திறனாய்வு, நிகழ்பட விளையாட்டை இன்னும் வாசலிலேயே நிறுத்தி வைத்துள்ளது. அது சிறுவர் பொழுதுபோக்கு என்பதும், அயலார் ஆக்கம் என்பதும் இதற்குக் கூறப்படும் காரணங்கள். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1987இல் தொடங்கிய ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ வரிசையின் ஆறாம் படைப்பு 2023 சூன் 2ஆம் நாள் வெளிவந்தது. அவ்வரிசையில் 1991 முதல் ஓர் இந்தியன் நின்று சண்டையிட்டு வருகிறான். அவனைப் பற்றித் தமிழில் ஒரு வரியேனும் எழுதப்படவேண்டும் என்ற எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம். தால்சிம் என்னும் அப்பாத்திரத்தை மையமாகக் கொண்டு, புதிய படைப்பின் ஆக்க முறையைத் தமிழ் மரபின் அளவுகோல்கள் சிலவற்றால் அளந்து காண இது முற்படுகிறது.

இவ்வெண்ணம் தோன்றிய இடத்தையும் குறிப்பிடுதல் தகும். செகந்திராபாத் படைமுகாம் பகுதியைச் சார்ந்த திருமுல்கேரியில், சென்னை மாகாணப் படையோடு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் வாழ்கின்றனர். அங்கே உறவினர் இல்லம் ஒன்றில் உடன்பிறந்தார் இருவர் இவ்விளையாட்டில் ஈடுபட்டிருந்ததைக் காண நேர்ந்தது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் தக்கினி உருதும், பள்ளியில் ஆங்கிலம் என வளர்பவர்கள் அவர்கள். திரையில் சடாரென நீண்ட கையைக் கண்ட அவர்தம் பாட்டியார், “யார்ரா இந்தச் சாமியார்?” என்று வினவினார். “நம்ம ஊரு ஆளுதான் ஆயா” என்றான் இளையவன். ஆட்டத்திலிருந்து கண்ணெடுக்காமல் அவன் சொன்ன அவ்விடை எளிதில் கடந்து போகத்தக்கதன்று.

அவ்வூர்ப் பெயரும் இவ்வகையில் கருதத்தக்கது. தெலுங்கில் அது திருமலகிரி. 1857க்குப் பின் அரண்சூழ்ந்த முகாம் அமைத்த ஆங்கிலேயரின் எழுத்துக்கூட்டலில் அது வேறு வடிவம் கொண்டது. அவ்வடிவத்தின் ஒலிப்பையே தமிழர் திருமுல்கேரி என்று திரும்பப் பெற்றனர். தால்சிமின் கதையும் இத்தகையதே. இந்தியாவிலிருந்து புறப்பட்ட யோகியின் உருவம் பிறர் கற்பனையில் உருத்திரிந்து ஒரு பெட்டிக்குள் அடங்கி இந்தியச் சிறுவனின் கைக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

உருவமும் திரிபும்

1991இல் வெளிவந்த இரண்டாம் படைப்பில் ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கத்தக்க மறவர் எண்மர். ஜப்பானிய மற்போர் வீரர், சோவியத்து மல்லர், அமெரிக்கப் படைவீரர், சீனக் காவற்பெண் என ஒவ்வொருவரும் ஒரு நாட்டின் சுருக்கக் குறியீடு. அவ்வரிசையில் இந்தியாவுக்கு வாய்த்தது எலும்பெழுந்த மேனி, விழிமணியற்ற வெண்கண், கழுத்தில் மண்டையோட்டு மாலை, நெருப்பு உமிழும் வாய், இரப்பர் போல் நீளும் கைகால். களத்தின் இருபுறமும் யானைகள் நின்று பிளிறும். பின்சுவரில் பிள்ளையார் உருவம். 1976இல் வந்த ஆங்காங் சண்டைப் படம் ஒன்றில் கைநீட்டிப் போரிடும் யோகி பாத்திரமே இதற்கு முன்மாதிரி எனப் பலரும் சுட்டுவர். எனவே இஃது இந்தியாவைக் கண்டு வரைந்த ஓவியமன்று. இந்தியாவைப் பற்றிய ஓவியத்தைக் கண்டு வரைந்த ஓவியம்.

கீழைநாட்டை விந்தைப் பொருளாக்கும் பார்வை இதில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அத்துடன் நிறுத்திக்கொள்ளும் திறனாய்வு பாதிவழியில் நின்றுவிடுகிறது. நீளும் கையைத் தமிழ்வழி யோக மரபு அறியாததன்று. எண்வகைச் சித்திகளைத் திருமந்திரம் பேசுகிறது. அவற்றுள் பிராத்தி என்பது எட்டாததை எட்டும் ஆற்றல். நிலத்தில் நின்றவாறே விரல்நுனியால் நிலவைத் தொடுவதை யோகநூல் உரைமரபு இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறும். வானில் மிதத்தல் இலகிமா. புதிய படைப்பில் தால்சிம் அந்தரத்தில் நின்று மிதக்கிறான். நின்ற இடத்தில் மறைந்து வேறோரிடத்தில் தோன்றுகிறான். வரைந்தவர்கள் அறிந்தோ அறியாமலோ சித்திகளின் பட்டியல் ஒன்று அவன் உடலில் எழுதப்பட்டிருக்கிறது. கேலிச்சித்திரமாகத் தொடங்கியது ஒன்று, விளையாட்டின் விதியாக மாறும்போது மரபின் பொருளை நோக்கித் தானே நகர்ந்துவிட்டது.

மண்டையோட்டு மாலையும் அவ்வாறே. காபாலிகர் இந்நிலத்துக்குப் புதியவரல்லர். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் ‘மத்தவிலாசப் பிரகசன’த்தில் அவர்களை எள்ளி நகையாடியிருக்கிறான். ஆனால் விளையாட்டின் கதைப்படி தால்சிம் அணிந்திருப்பவை கொள்ளை நோயில் இறந்த தன் ஊர்க் குழந்தைகளின் தலைகள். அச்சுறுத்தும் அணிகலனாகக் கண்ணுக்குத் தோன்றுவது, கதையை அறிந்தபின் சுமந்து திரியும் நடுகல்லாகிறது. இவ்விளக்கத்தை ஆட்டக்காரருள் எத்தனை பேர் அறிவர் என்பது வேறு வினா.

தும்பையும் கொடையும்

மண்ணோ ஆநிரையோ பொருளன்றி, வலிமையையே பொருளாகக் கொண்டு நிகழும் போரைத் தொல்காப்பியம் தும்பைத் திணையாக வகுக்கிறது. இவ்விளையாட்டு வரிசையின் தலைமைப் பாத்திரமான ரியூ முழுமையான தும்பை மறவன். அவனுக்கு நாடில்லை, பகையில்லை, பரிசில் வேட்கையும் இல்லை. தன்னினும் வலியாரைத் தேடி நடப்பதே அவன் வாழ்வு. முப்பத்தாறு ஆண்டுகளில் அவன் கதை ஓரடியும் நகராமைக்கு இதுவே காரணம் எனலாம். வலிமையே பொருளானால் அதற்கு முடிவேது?

தால்சிம் இதற்கு மறுதலை. அவன் போரை வெறுப்பவன். மனைவியும் மகனும் உடைய இல்லறத்தான். வறிய தன் ஊருக்குப் பொருள் ஈட்டவே களம் புகுகிறான். மெய்ப்பாட்டியலில் வீரத்தைப் பெருமிதம் என்னும் பெயரால் கூறும் தொல்காப்பியர், அது கல்வி, அஞ்சாமை, புகழ், ஈகை ஆகிய நான்கின் வழிப் பிறக்கும் என்கிறார். அஞ்சாமையும் புகழும் எண்மர்க்கும் பொது. கல்வியையும் ஈகையையும் ஒருங்கே காரணமாகக் கொண்ட பெருமிதம் அவ்வெண்மருள் இந்த இந்தியனிடமே முழுமையாகப் பொருந்துகிறது. வல்லுடல் கொண்ட எழுவர்க்கிடையே மெலிந்த உடலினனாக அவனை நிறுத்தியது இளக்காரம் கருதியதாக இருக்கலாம், விளைவோ வேறு.

ஆறாம் படைப்பு அவனுக்குத் தலைப்பாகையும் நரைத்த தாடியும் தந்து முதியவனாக்கியிருக்கிறது. இம்மாற்றம் 2016இல் வந்த ஐந்தாம் படைப்பிலேயே தொடங்கியது. களமும் மாறியுள்ளது. யானைகள் பிளிறிய கூடத்துக்கு மாற்றாக ‘தால்சிமர் கோயில்’ என ஓரிடம். மூலவர் பெயரின்றி உயிரோடிருக்கும் ஒருவன் பெயரால் கோயிலா என வினவத் தோன்றுகிறது. நடிகையர்க்குக் கோயில் எழுப்பிய மண்ணில் இருந்துகொண்டு அதனை வியப்பதும் பொருந்தாது. விந்தை குறைந்து மதிப்பு கூடியிருப்பது வெளிப்படை. எனினும் அவன் ஊரின் வறுமை இப்போது எங்கே? மண்டையோடுகளுக்குக் காரணமான நோயும் பசியும் பின்தள்ளப்பட, அறிவுரை கூறும் அமைதியான ஞானி ஒருவரே முன்நிற்கிறார். கேலியை நீக்கியவர்கள் கேலியோடு பிணைந்திருந்த துயரத்தையும் மங்கச் செய்துவிட்டனர். 1991இன் தால்சிம் அழகற்றவன். ஆனால் அவனுக்குச் சண்டையிட ஒரு காரணம் இருந்தது. புதியவனிடம் காரணம் மெலிந்துவிட்டது என்பதே இக்கட்டுரையாளரின் முதன்மையான குறை.

மாத்திரைக் கணக்கு

கதையை மட்டும் கொண்டு இவ்வாக்கத்தை மதிப்பிடுதல் முறையன்று. இதன் இலக்கணம் காலத்தில் உள்ளது. நொடி ஒன்றுக்கு 60 படச்சட்டகங்கள் ஓடுகின்றன. ஓர் அடி எத்தனையாம் சட்டகத்தில் தாக்கும், தவறினால் எத்தனை சட்டகம் அடித்தவன் செயலற்று நிற்பான் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டவை. மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைநொடியையும் அளவாகக் கொண்டார் தொல்காப்பியர். இங்கோ ஒரு கண்ணிமைப்புக்குள் குறைந்தது ஆறு சட்டகங்கள் கடந்துவிடும். ஓரடியின் இறுதி அடுத்த அடியின் முதலோடு பிணையுமாறு தொடுப்பதில் ஆட்டக்காரன் திறம் விளங்குகிறது. நின்ற சீரின் ஈறும் வருஞ்சீரின் முதலும் கூடுமிடத்தில் தளை பிறப்பதை அறிந்தவர்க்கு இது புரியாத செய்தியன்று. தளை தட்டினால் செய்யுள் குன்றும். இங்கே தட்டினால் எதிரி உள்ளே நுழைவான்.

தால்சிம் இவ்விலக்கணத்தில் தனிவகை. நெடுந்தொலைவு செல்லும் அவன் கை, சென்ற தொலைவு திரும்பியும் ஆகவேண்டும். நீண்ட கை அடிபடவும் கூடும். எனவே எட்டும் ஆற்றலே அவனது இடருமாகிறது. திருமுல்கேரி இல்லத்தில் இளையவன் தோற்றபோது மூத்தவன், “எல்லாத்துக்கும் கைய நீட்டாதடா, அவன் வரட்டும்” என்றான். பொறுத்திருத்தலைக் கற்பிக்கும் பாத்திரம் இது.

புதிய படைப்பின் தலையாய மாற்றம் ‘டிரைவ்’ எனப்படும் ஆற்றல் அளவி. முன்னைய படைப்புகளில் சிறப்பாற்றல் பெரும்பாலும் அடித்தும் அடிபட்டும் ஈட்டப்பட்டது. இங்கு ஆறு பகுதிகள் கொண்ட அளவி ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் நிறைந்தே கிடைக்கிறது. தாக்குதல், தடுத்தல், பாய்தல் அனைத்துக்கும் அதிலிருந்தே செலவு. முற்றும் தீர்ந்தால் மறவன் சோர்ந்து நிறம் வெளுக்கிறான். தடுத்த அடியும் அவனை வருத்தும். ஈட்டும் பொருளியல் போய்ச் செலவிடும் பொருளியல் வந்திருக்கிறது. இதனால் ஆட்டம் முதல் நொடியிலேயே சூடுபிடிக்கிறது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. எனினும் எட்ட நின்று காலம் கடத்தும் தால்சிமைப் போன்றவனுக்கு, ஒரே பாய்ச்சலில் இடைவெளியைக் கடந்துவரும் எதிரிகள் பெருகிவிட்டனர்.

இரண்டாவது மாற்றம் சொற்போர் எழுப்பியது. தீயுமிழக் கால்வட்டமாகக் குச்சியைச் சுழற்றிக் குத்து விசையை அழுத்துவதே 1991 முதலான மரபு. ஆறாம் படைப்பு அதனுடன், ஒரே விசையில் அதனைச் செய்து முடிக்கும் புதுமுறை ஒன்றையும் வைத்துள்ளது. அம்முறையில் செய்யும் சிறப்படிக்கு வலிமை ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சில அடிகள் கிடைப்பதுமில்லை. அடிவகை மிகுந்த தால்சிமுக்கு இஃது இழப்பே. மரபுமுறை வல்லார் இதனைக் குறுக்குவழி என்றனர். யாப்பு வேண்டும் என்றோரும் வேண்டா என்றோரும் நம்மிடையே நடத்திய வழக்கை நினைவுகூர்வோர்க்கு அவ்வுரைகள் முன்பே கேட்டவை போலிருக்கும். யாப்பறியாதான் கவிதையில் நுழைந்ததால் யாப்பு அழிந்துவிடவில்லை. எப்போது அடிப்பது என்னும் அறிவை எவ்விசையும் தருவதில்லை.

ஆசானும் கட்டியக்காரனும்

‘உலகச் சுற்று’ என்னும் பகுதியில் ஆட்டக்காரன் தானே ஒரு மறவனைப் படைத்து, நாடுதோறும் சென்று ஆசான்களை அடைந்து கற்கிறான். தால்சிமும் ஓர் ஆசான். ஆசானின் அன்பைப் பெறப் பரிசுப்பொருள் கொடுக்கவேண்டும். இதனைக் கண்டு முகஞ்சுளிப்போர், பாடம் கேட்கத் தகுதியுடையோர் வரிசையில் மிகுபொருள் கொடுப்போனையும் நன்னூலார் சேர்த்திருப்பதை நினைத்துக்கொள்ளலாம். குறை அதிலன்று. ஒரு நாளிலேயே பல ஆசான்களின் கலையைத் துணுக்குகளாகப் பெற்று ஒட்டிக்கொள்ள முடிகிறது. எண்கள் ஏறினால் கல்வி முடிந்தது. இருவர் நேர்நின்று ஆடும் பகுதியில் நிகழ்வதோ உண்மையான கல்வி. அங்கே கற்பது பாத்திரமன்று, விரல்கள். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இவ்வரிசையின் ஐந்தாம் படைப்பில் தங்கம் வென்ற தென்கொரியர் கிம் குவான்-வூ அப்போது 44 வயதினர். இளமையின் விரைவு மட்டுமே இதற்குப் போதும் என்போர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆட்டத்தோடு இயையும் நேர்முக வருணனைக் குரல்களும் இதில் உண்டு. நமக்குக் கட்டியக்காரன் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் கட்டியக்காரன் அரசனையே எள்ளும் உரிமை பெற்றவன். அவையோரின் வினாவைத் தான் வினவுபவன். இக்குரல்கள் கண்ட அடியையே மீண்டும் சொல்கின்றன. புறநானூற்றில் ஆமூர் மல்லனைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்தியதைப் பாடிய சாத்தந்தையார், மார்பில் ஊன்றிய காலையும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகில் நின்ற காலையும் ஒரு சட்டகம்போல் நிறுத்திக் காட்டிவிட்டு, உவந்தாலும் உவவாவிட்டாலும் தித்தன் இதனைக் காணட்டும் என்று அவனது தந்தையை நோக்கித் திரும்புகிறார். அடிக்கு அப்பால் ஓர் உறவும் ஒரு பிணக்கும் அப்போது களத்துக்குள் வந்துவிடுகின்றன. வருணனை என்பது அதுவே. அன்று அறைக்குள் பாட்டியார் எழுப்பிய ஒரு வினா, பதிவுசெய்த அக்குரல்கள் அனைத்தினும் கட்டியக்காரன் பணிக்கு நெருங்கி நின்றது.

தால்சிம் இப்படைப்பில் ஆங்கிலமும் ஜப்பானியமும் பேசுகிறான். எழுத்துரைக்கு அரபும் போலிசும் கொரியமும் உள்ளன. இந்திய மொழி எதுவும் இல்லை. 1991 முதல் இந்தியாவின் பெயரால் அடிவாங்கி வருபவன், ‘நம்ம ஊரு ஆளு’ என்று தன்னைச் சொன்ன சிறுவனிடம் அவன் வீட்டு மொழியில் ஒரு சொல்லும் பேசியதில்லை. சிறுவர்கள் அக்குறையை உணர்ந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் ஆட்டத்தை நிறுத்திப் பாட்டியாருக்கு யோகியின் ஊர்க் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தனர், குழந்தைகளின் தலைகள் என்ற இடம் வந்ததும் அவர், “ஐயோ, அதையா கழுத்துல போட்டுக்கிட்டிருக்கான்?” என்று திரையருகே நகர்ந்து அமர்ந்தார்.