மார்கழியில் மலையாகும் மேடுகள்

கோலார் தங்கவயலில் மலை பார்க்க ஆசைப்படுகிறவர் மார்கழியில் போக வேண்டும். சுரங்கப் பாறையிலிருந்து பொன்னைப் பிரித்த பின் கொட்டிய தூளால் ஆன சயனைடு மேடுகள் ஆண்டு முழுக்க அங்கேதான் நிற்கின்றன. ஆனால் அவை மலையாவது இந்த ஒரு மாதத்தில்தான். கோடையில் பார்த்தால் பழுப்பும் சாம்பலும் கலந்த மண் குவியல். மார்கழி விடியலில் அடிவாரத்தைப் பனி மூடிக்கொள்ளும். உச்சி மட்டும் வெளுத்து மேலே நிற்கும். அப்போது அதன் உயரத்தை அளக்கக் கண்ணுக்கு எதுவும் கிடைப்பதில்லை. பக்கத்தில் ஒரு வீடோ மரமோ தெரிந்தால்தானே மேடு எவ்வளவு சின்னது என்று புரியும்?

இப்படி 13 மேடுகள். 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இங்கே வேலையைக் கையிலெடுத்தது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் 800 டன்னுக்கு மேல் பொன் ஊரைவிட்டுப் போயிற்று. மூன்று கோடி டன்னுக்கு மேல் தூள் ஊரிலேயே தங்கிவிட்டது. அந்தத் தூளின் ஓரமாகத் தொடங்கி, பேத்தமங்கலத்தில் பாலாற்றைத் தொடும் வரை, எட்டுப் பத்து கிலோமீட்டர் தனியாக நடப்பது எனக்குப் பிடித்த மார்கழிக் காரியம்.

முதலில் அந்தத் தூளைத்தான் சொல்ல வேண்டும். பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்த பொன்னைச் சயனைடு கரைசல் எட்ட வேண்டுமென்றால், பாறை ஒவ்வொரு மணியாக உடைய வேண்டும். அதற்காக மில்லில் போட்டு இடித்து இடித்து, கோலமாவைவிட நைசாக ஆக்கினார்கள். விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். இயற்கை ஒரு பாறையை இந்தப் பதத்துக்குக் கொண்டுவர எத்தனை யுகம் ஆகுமோ, இங்கே ஒரு ஷிஃப்டில் முடித்தார்கள்.

இரவுப் பனி இறங்கியதும் இந்தத் தூள்மேல் மெல்லிய தோல் ஒன்று கட்டுகிறது. விரற்கடைகூடத் தேறாது. கால் வைத்தால் ஒரு கணம் தாங்கும். பிறகு ‘நறுக்’கென்று விட்டுக்கொடுக்கும். உடைந்த இடத்தில் உள்ளே காய்ந்த தூள் வேறு நிறத்தில் தெரியும். மேலே ஈரம் பட்ட கருஞ்சாம்பல், கீழே நேற்றைய வெயிலின் வெளிர்ப்பு. சுவட்டின் விளிம்பு சரியாமல் செங்குத்தாக நிற்பதால், முன்னால் போனவர்கள் யார் யார் என்று தெளிவாக வாசிக்கலாம். ஆட்டின் பிளந்த குளம்பு, நாயின் நான்கு விரல், கௌதாரியின் மூன்று விரல் கோடு. கௌதாரி ஓரிடத்தில் நடையை நிறுத்தித் திரும்பியிருப்பதும் தெரியும். அதற்கு இரண்டடி தள்ளி நாயின் தடம் இருக்கும். யார் முதலில் வந்தார்கள் என்பதை விளிம்பின் ஈரத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழை மேட்டின் பக்கங்களை அறுத்த வாய்க்கால்கள் இந்த மாதத்தில் இன்னும் புதிதாகவே இருக்கும். அவற்றின் சுவரில் வரி வரியாக நிறங்கள். வெளிர் வரி ஒன்று, சாம்பல் வரி ஒன்று, துருவேறிய மஞ்சள் கீற்று ஒன்று. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாளில் இங்கே கொட்டிய சேற்றின் கணக்கு. பேரேடுகள் எங்கே போயினவோ, இந்த ஏடு மட்டும் மழைக்கு மழை புதுப் பக்கம் திறக்கிறது.

பனி அடர்ந்திருக்கும்போது பத்தடிக்கு அப்பால் எதுவும் இல்லை. அப்போதுதான் காது விழிக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் பக்கமிருந்து பஜனை ஒலிபெருக்கி. அது ஓய்ந்தால் ஒரு கோயில் மணி, அப்புறம் ஒரு தேவாலய மணி. மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயிலின் ஊதல். பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களை அள்ளிக்கொண்டு சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று அது நிலையம் நிலையமாக விலகிப் போவதைக் கண்ணை மூடிக்கொண்டே பின்தொடரலாம். திடீரென்று தலைக்கு மேலே சுரங்க ஷாஃப்டின் இரும்புக் கோபுரம் முளைக்கும். முதலில் உச்சிச் சக்கரம், பிறகு சாய்ந்த கால்கள். அடிப்பாகம் கடைசி வரை தெரியாது. பனி நிறைய மறைக்கிறது. அதனால்தான் மீதமிருக்கும் கொஞ்சம் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது.

இந்தச் சூட்சுமத்தை இதே ஊரில் அறிவியலும் பயன்படுத்தியிருக்கிறது. 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு கருவியை வைத்தன. விண்ணிலிருந்து கொட்டும் மற்றத் துகள்களையெல்லாம் மேலிருந்த பாறை தடுத்துவிட, எதற்கும் சிக்காத நியூட்ரினோவின் அடையாளம் அங்கே கிடைத்தது. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்கள் பிடிபட்ட உலகின் முதல் இடங்களில் ஒன்று அது. மிக மெல்லியதைக் கவனிக்க வேண்டுமானால் மற்ற எல்லாவற்றையும் எதையாவது வைத்துத் தடுக்க வேண்டும். அவர்களுக்கு இரண்டு கிலோமீட்டர் பாறை தேவைப்பட்டது. நடந்து போகிறவனுக்குப் பத்தடிப் பனி போதும். தனியாகப் போவதும் அதற்காகத்தான். துணைக்கு ஆள் வந்தால் பேச்சு வரும். பேச்சு வந்தால் கௌதாரியின் தடம் காலடியில் போய்விடும்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 850 மீட்டர் மேலே இருக்கும் ஊர் இது. மார்கழி விடியலில் 14, 15 டிகிரிதான் இருக்கும். மப்ளரும் ஸ்வெட்டரும் இல்லாமல் யாரும் டீக்கடைக்கு வருவதில்லை. கீழே மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரியைத் தாண்டியது. இரவு ஷிஃப்ட் முடித்து வியர்வை காயாமல் கூண்டில் மேலே வந்த ஆள் இந்தக் குளிரில்தான் வெளியே கால் வைத்தார். நமக்குச் சுகமாகப் படும் காற்று அவர் முதுகில் எப்படி இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் அந்தக் கோபுரங்களைக் கடக்க முடிவதில்லை.

மேடுகளைவிட்டு ஊரைத் தாண்டினால் தைலமரத் தோப்புகள். மரம் இந்த ஊர் மரமல்ல. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தான் காலத்தில் நந்தி மலைப் பக்கம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று 2017-இல் கர்நாடக அரசு புதிதாக நடுவதற்கே தடை போட்டது. அந்தக் குற்றச்சாட்டு நியாயமானதுதான். ஆனாலும் பனிக்காலத்தில் இந்த மரத்துக்கு ஈடு கிடையாது. இலைகள் விரிந்து படுக்காமல் கீழ்நோக்கித் தொங்குவதால், பனி அவற்றின்மேல் படிந்து, நரம்போடு வழிந்து, நுனியில் ஒரு துளியாகத் திரள்கிறது. எல்லா நுனியிலும் ஒரே நேரத்தில் திரண்டாலும் எல்லாம் ஒரே நேரத்தில் விழுவதில்லை. மழை பெய்யாத நாளில் மரத்தடியில் மட்டும் மழை. உரிந்து தொங்கும் பட்டைமேல் விழும் துளிக்கு ஒரு சத்தம், சருகுமேல் விழும் துளிக்கு இன்னொன்று. மூச்சை இழுத்தால் நனைந்த தைல வாசனை தொண்டை வரை குளிர்ச்சியாக இறங்கும்.

பேத்தமங்கலம் ஏரியை எட்டும்போது பொழுது நன்றாகப் புலர்ந்திருக்கும். நந்தி மலையில் புறப்படும் பாலாறு இங்கே தேங்கி நின்றுதான் தங்கவயலுக்குக் குடிநீர் கொடுத்தது. தண்ணீர் இருக்கும் ஆண்டில் இங்கே பனிக்கு நடையே வேறு. மேட்டில் அசையாமல் கிடந்தது, நீர்மேல் மெல்ல நகர்கிறது. கரையோரக் கோரையைத் தொட்டதும் கிழிந்து இரண்டாகிறது. தண்ணீர் இல்லாத ஆண்டில் ஏரி முழுக்கப் பனி மட்டும் நிரம்பியிருக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஏரி நிறைந்துவிட்டதாகவே படும்.

இங்கிருந்து ஆறு ஆந்திரத்தின் குப்பத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று இறங்கி, வயலூரில் கடலைச் சேர்கிறது. 348 கிலோமீட்டர் ஓட்டம். சுரங்கத்துக்கு வந்த மக்களில் பெரும்பகுதி வட ஆற்காட்டுக்காரர்கள். ஆறு எந்தப் பக்கம் இறங்குகிறதோ, அந்தப் பக்கத்திலிருந்துதான் அவர்கள் ஏறி வந்தார்கள். ஊரில் இன்று கேட்கும் தமிழும் மார்கழிப் பஜனையும் வாசல் கோலமும் அந்த ஏற்றத்தில் வந்தவை.

எட்டு மணிக்கு மேல் வெயில் உறைக்கும். பனி விலகுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் சாலை தெரியும், பிறகு மரம், பிறகு தொலைவில் கோபுரம், கடைசியில் மேட்டின் அடிவாரம். தோல் கட்டிய தூள் காய்ந்து வெடித்து, மறுபடி வெறும் தூளாகும். மார்கழியில் அதை அடக்கிவைத்தது ஈரம் மட்டுமே. ஆடிக் காற்று வீசும்போது இதே தூள்தான் மேட்டிலிருந்து எழும்பி லைன் வீடுகளுக்குள் புகுந்து, தண்ணீர்க் குடத்திலும் துவைத்த துணியிலும் நெஞ்சிலும் படிகிறது. ஆகவே மார்கழியில் இந்த மேடுகளைப் பாராட்டிவிட்டுப் போகிறவர் ஆடியிலும் ஒரு முறை வர வேண்டும். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்தே வைத்திருக்கும் ஒரு வீட்டில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும். இரண்டையும் பார்த்தவர் சொல்லும் பாராட்டுக்குத்தான் ஊர்க்காரர்கள் தலையாட்டுவார்கள்.