பெருங்களத்தூரில் பிறந்த கோடு

பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி சாலையை ஒட்டி இன்று ஐ.டி. அலுவலகங்கள் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் கார் செய்தார்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் கெஸலும் செய்த அந்த ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ், 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 காரை வெளியிட்டது. தமிழ்நாட்டில் உருவான கார்களில் இதைவிட அழகான உடல்கட்டு வேறொன்றுக்கு இல்லை என்பேன்.

அந்த உடல்கட்டு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காருடையது. டேவிட் பேஷ் வரைந்தது. ஃபெராரி டேடோனாவின் சாயலை ஐந்து கதவுக் குடும்பக் காருக்குள் கொண்டுவந்தவர் அவர். பக்கவாட்டில் நின்று பாருங்கள். தாழ்ந்த மூக்கு, நீண்ட பானெட், முன்சக்கரத்திலிருந்து பின்விளக்குவரை பிசிறில்லாமல் ஓடும் ஒரே கோடு, சரிந்து இறங்கும் முதுகு. நிற்கும்போதே ஓடுகிற வண்டி. 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருது சும்மா கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில் அந்த பானெட்டுக்கு அடியில் இருந்தது 155 குதிரைத்திறன் கொண்ட 3.5 லிட்டர் வி8. அமெரிக்காவின் ப்யூக் நிறுவனம் உருவாக்கி, ரோவர் உரிமை வாங்கிய அலுமினிய எஞ்சின். மஸில் கார்களின் ஊரிலிருந்து வந்த ரத்தம் அது. பெருங்களத்தூரில் அந்த இடத்தில் உட்கார்ந்தது பழைய வேன்கார்டின் 1991 சிசி எஞ்சின், 83 குதிரைத்திறன். ஃபெர்குசன் டிராக்டரில் ஏர் இழுத்த குடும்பத்தைச் சேர்ந்தது. உழைப்பாளி, ஆனால் ஓட்டக்காரன் இல்லை. விலையும் அதிகம். 1988-இல் தயாரிப்பு நின்றது.

அதே ஆண்டுகளில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸாவுக்கும் இதே குறைதான்: கம்பீரமான உடல், அம்பாஸடரின் சிறிய எஞ்சின். ஆனால் அதற்கு ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் எஞ்சின் வந்து சேர்ந்தது. உடலுக்கேற்ற உயிர் கிடைத்ததும் வண்டியின் மதிப்பே மாறியது. நம் நாட்டு மஸில் கார் என்று இன்றும் இளைஞர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

இப்போது அதே இசுஸுவின் டி-மேக்ஸ் வி-க்ராஸ் பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு வடக்கே, ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகிறது. 1.9 லிட்டர் டர்போ டீசல், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் டார்க். ஸ்டாண்டர்ட் 2000-இன் எஞ்சினைவிடக் கொள்ளளவில் சிறியது. திறனில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிமிடத்துக்கு 2000 சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடுவதால், மேட்டில் சுமையோடு ஏறும்போது கியரைக் குறைக்கும் அவசரமில்லை. டர்போ எழும்புவதை இருக்கையே முதுகுக்குச் சொல்லிவிடும்.

அதன் அழகு வேறு வகை. உயரமான முகம் காற்றை ரேடியேட்டருக்கு வாங்குகிறது. அடியில் ஏணிச் சட்டம் பாரத்தைத் தாங்குகிறது. பின்னால் பட்டை ஸ்ப்ரிங். சுமைத் தொட்டி காலியாக இருந்தால் துள்ளும், சுமை ஏற ஏற அமைதியாகும். கண்ணில் படும் உறுப்பெல்லாம் ஏதோ ஒரு வேலை செய்கிறது. எஞ்சின் கொடுக்கும் வாக்கை உடல் காப்பாற்றுகிறது. இந்த ஒற்றுமைதான் ஸ்டாண்டர்ட் 2000-க்குக் கிடைக்காமல் போனது.

ஆகவே, முழுமையான இயந்திரம் எது என்றால் வி-க்ராஸ்தான், தயங்காமல் சொல்வேன். ஆனால் அதன் பக்கவாட்டில் 2000-இன் கோட்டைப் போல ஒன்றைத் தேடினால் கிடைக்காது. மடிப்புகள் இருக்கின்றன, வீக்கங்கள் இருக்கின்றன. கண்ணை முன்னிருந்து பின்னுக்கு ஒரே மூச்சில் அழைத்துச் செல்லும் கோடு இல்லை. அமெரிக்காவின் ராம் டிஆர்எக்ஸ் பிக்கப்கூட 702 குதிரைத்திறன் பெற்றும் முகத்தில் முரட்டுத்தனத்தைத் தாண்டவில்லை. பெருங்களத்தூரில் அழகு இருந்தது, வலிமை போதவில்லை. இன்று வலிமை தாராளமாக இருக்கிறது. அதற்கு ஒரு நல்ல கோடு வரைந்து தரத்தான் ஆள் வேண்டும்.