கொழுப்பமிலங்களின் பெயரீடு: ஒரு மதிப்பீடு

எள்ளின் நெய்யே எண்ணெய் எனப்பட்டது. பின்னர் அச்சொல் தேங்காய், வேம்பு, ஆமணக்கு ஆகியவற்றின் நெய்யையும் குறிக்கலாயிற்று. எள்ளுக்கு உரியதை நல்லெண்ணெய் எனப் பிரித்துரைக்க வேண்டியதாயிற்று. பிறந்த இடத்தாற் பெயர்பெற்ற பொருள் அவ்விடத்தைக் கடந்து பரவுங்கால், பெயரின் முதற்பொருள் மறைந்துபோதல் மொழிக்கு இயல்பு. மொழிக்குக் குற்றமாகாத இவ்வியல்பு அறிவியலுக்கு இடராதல் உண்டு. இயற்கைக் கொழுப்பமிலங்களின் பெயர்கள் இதற்குத் தக்க சான்று. அவற்றுக்கு வழங்கும் மூவகைப் பெயர்களும் எவ்வெவ்வினாவுக்கு விடை தருகின்றன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கொழுப்பமிலத்தின் அமைப்பு எளிது. ஐதரசனைத் தாங்கிய காபன் அணுக்களின் நீண்ட சங்கிலி ஒன்று. அதன் ஒரு முனையிற் காபொட்சிற் கூட்டம். மறு முனையில் மெதயிற் கூட்டம். உயிர்கள் இச்சங்கிலியை இரண்டிரண்டு காபன்களாகச் சேர்த்துக் கட்டுகின்றன. ஆதலால் இயற்கையிற் காணப்படுவனவற்றுட் பெரும்பாலானவை இரட்டைப்பட எண்ணிக்கையான காபன்களை உடையன. இரட்டைப் பிணைப்பு இல்லாதது நிரம்பியது, உள்ளது நிரம்பாதது. எனவே காபன்களின் தொகை, இரட்டைப் பிணைப்புகளின் தொகை, அவற்றின் இடம், அவற்றின் வடிவம் என்னும் நான்கையும் அறிந்தாலன்றி ஓர் அமிலத்தை அறிந்தவராகோம்.

வழக்குப் பெயர்கள் இந்நான்கனுள் ஒன்றையும் கூறுவனவல்ல. முதலிற் கண்ட இடத்தையே கூறுவன. லோரிக்கமிலம் லோரல் மரத்தாற் பெயர்பெற்றது. தேங்காய் எண்ணெயின் ஏறக்குறையப் பாதி அவ்வமிலமே என்பதைப் பெயர் உணர்த்தாது. ஆட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து கப்ரோயிக்கு, கப்ரிலிக்கு, கப்ரிக்கு என மூன்று பெயர்கள் பிறந்தன. முறையே 6, 8, 10 காபன்களைக் கொண்ட இவற்றை மாணவர் மயங்காது நினைவிற்கொள்ளல் அரிது. அரக்கிடிக்கமிலம் நிலக்கடலையாற் பெயர்பெற்றது. அரக்கிடோனிக்கமிலமோ அதனைப்போல 20 காபன்களை உடையதாதலின் அப்பெயரைத் தழுவியது. விலங்குகளின் இழையங்களிற் காணப்படும் அதற்கும் நிலக்கடலைக்கும் உறவில்லை.

இல்லாத பொருளுக்கும் பெயர் நிலைத்ததுண்டு. கொழுப்பு வேதியியலுக்கு அடித்தளமிட்ட பிரெஞ்சு அறிஞர் செவ்ரல், முத்துப்போல ஒளிர்ந்த ஒரு பொருளை மாகரிக்கமிலம் என்றார். அது பாமிற்றிக்கமிலமும் ஸ்தியரிக்கமிலமும் கலந்த கலவையே என்பதைப் பின்னர் ஹைன்ஸ் என்பார் காட்டினார். ஆயினும் பெயர் மறையவில்லை. 17 காபன்களையுடைய வேறோர் அமிலத்தைச் சார்ந்தது. 1869இல் ஆக்கப்பட்ட மாஜரினின் பெயரிலும் வாழ்கின்றது.

இக்குறைகளை நீக்க எழுந்ததே முறைசார் பெயரீடு. 1892இல் ஜெனீவாவிற் கூடிய அறிஞர் சேதனச் சேர்வைகளுக்குப் பொதுவிதி வகுத்தனர். அதன்வழி வளர்ந்த பெயரீட்டில் ஒலேயிக்கமிலம் சிஸ்-ஒக்டாடெக்-9-ஈனோயிக்கமிலம் ஆகும். 18 காபன்கள், ஓர் இரட்டைப் பிணைப்பு, 9ஆம் காபனில் அதன் தொடக்கம், சிஸ் வடிவம் என நான்கும் ஒரு பெயரில் அடங்குகின்றன. வடிவைக் கூறுதல் வீண் அன்று. சிஸ் வடிவான ஒலேயிக்கமிலம் ஏறத்தாழ 13 பாகையில் உருகும். அதன் திரான்ஸ் சமபகுதியமான எலயிடிக்கமிலமோ ஏறத்தாழ 45 பாகையிலேயே உருகும்.

ஆயினும் இப்பெயரீடு உறவைக் காட்டாது. லினோலேயிக்கமிலத்தின் இரட்டைப் பிணைப்புகள் 9, 12 என்னும் இடங்களில் உள்ளன. உடல் அதிலிருந்து ஆக்கும் அரக்கிடோனிக்கமிலத்தில் அவ்விடங்கள் 5, 8, 11, 14 ஆகும். காபொட்சில் முனையில் இரு காபன்கள் சேர்ந்தமையால் பழைய 9உம் 12உம் 11உம் 14உம் ஆயின. மெதயில் முனையிலிருந்து எண்ணினாலோ இரண்டிலும் முதற்பிணைப்பு 6ஆம் இடத்திலேயே நிற்கின்றது. பாலூட்டிகளின் உடல் 9ஆம் காபனுக்கு அப்பால் மெதயில் முனைப் பக்கத்தில் புதிய இரட்டைப் பிணைப்பை இடமாட்டாது. ஆதலால் அவ்வெண் மாறுவதில்லை. லினோலேயிக்கமிலம் உணவிற் பெறப்பட வேண்டியது என்பதை ஜோர்ஜ் பர், மில்றெட் பர் ஆகிய இருவரும் 1930இல் எலிகளைக் கொண்டு காட்டினர். இக்குடிவழியைப் பெயரிலே புலப்படுத்தவே 1964இல் ரல்ப் ஹோல்மன் ஒமேகா முறையை முன்வைத்தார்.

இம்முறையும் நிறைவுடையதன்று. ஆளிவிதையின் 18 காபன் அமிலமும் மீனெண்ணெயின் 20, 22 காபன் அமிலங்களும் ஒமேகா 3 என்னும் ஒரே பெயரால் விற்கப்படுகின்றன. முன்னதிற் சிறு பகுதியையே நம் உடல் பின்னவையாக மாற்றவல்லது என்பதைப் பெயர் மறைக்கின்றது.

ஆகவே, வழக்குப் பெயர் வரலாற்றையும், முறைசார் பெயர் அமைப்பையும், ஒமேகாப் பெயர் குடியையும் கூறும். ஒன்றன் வினாவுக்கு மற்றொன்றில் விடை தேடுதலே மயக்கத்துக்குக் காரணம். தமிழில் நூல் எழுதுவோரும் இதனைக் கருதுதல் வேண்டும். பாமிற்றிக்கமிலத்தைப் பனையமிலம் எனப் பெயர்த்தால், யாழ்ப்பாணத்து மாணவன் தன் முற்றத்துப் பனையையே எண்ணுவான். அவ்வமிலத்துக்குப் பெயர் தந்ததோ ஆபிரிக்க எண்ணெய்ப்பனை. பழைய பெயரை ஒலி மாறாது கொண்டு, அருகே 16:0 என அமைப்பையும் எழுதுதலே நன்று. பிழையான பெயரைத் தூய தமிழாக்குதல் பிழையைத் தமிழுக்கும் உரியதாக்குதலேயன்றி வேறன்று.